கேள்வி நேரத்தில் கணக்குக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சட்டப்பேரவையில் நம் டெல்டா உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளைத் தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகவே ஆகியிருக்கும்: “... அமைக்க அரசு ஆவன செய்யுமா?” பாலம், பேருந்து நிலையம், கொள்முதல் நிலையத்துக்குச் சொந்தக் கட்டடம், எதுவானாலும் இதே வாய்பாடுதான். அமைச்சர் சொல்லும் பதிலும் பழகியதே: “தேவையின் அடிப்படையிலும் நிதிநிலைக்கு ஏற்பவும் பரிசீலிக்கப்படும்.” உறுப்பினர் நன்றி சொல்லி உட்காருவார். மறுநாள் உள்ளூர்ச் செய்தியில் தொகுதிக்காகக் குரல் கொடுத்தார் என்று வரும்.

அவர் கேட்டது கோரிக்கை. கோரிக்கை வைக்க ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர் கூட்டம் இருக்கிறது. மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம் இருக்கிறது. பேரவை உறுப்பினர் ஒருவர் மட்டுமே கேட்கக்கூடியது வேறு. ஒதுக்கிய பணம் என்ன ஆயிற்று, அறிவித்த வேலை எந்த அளவுக்கு நடந்தது, நடக்கவில்லை என்றால் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை அமைச்சரின் வாயாலேயே சொல்ல வைப்பது. அமைச்சரவை பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று அரசியலமைப்பின் 164-ஆவது பிரிவு சொல்கிறது. எதிர்க்கட்சிக்கு மட்டும் பொறுப்பு என்று சொல்லவில்லை, முழுப் பேரவைக்கும் என்கிறது. ஆளுங்கட்சி வரிசையில் இருப்பவருக்கும் இந்தக் கடமை உண்டு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களில் மட்டும் 18 தொகுதிகள். 18 பேர் ஒரே பொருளில் ஆளுக்கொரு கோணத்தில் கணக்குக் கேட்டால் எந்தத் துறையாலும் மழுப்ப முடியாது.

கேட்பது எப்படி என்பதற்கு, நமக்கெல்லாம் தெரிந்த நேரடி நெல் கொள்முதல் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு நிலையத்தில் நாளொன்றுக்கு 1,000 மூட்டை எடை போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்கு 40 கிலோ; ஆக 40 டன். ஒரு லாரியில் 400 மூட்டை, 16 டன் ஏறும் என்றால் அன்றாடம் இரண்டரை லாரி வந்து போனால்தான் களம் காலியாகும். ஒரே லாரி வந்தால் 600 மூட்டை தங்கிவிடும். பத்து நாளில் 6,000 மூட்டை, 240 டன், படுதாவுக்கு அடியில் அடுக்கிக் கிடக்கும். இடம் இல்லாமல் எடை போடுவது நிற்கும். வரிசையில் இருக்கிற விவசாயியின் நெல் அம்பாரமாகக் களத்தோரத்திலும் சாலையோரத்திலும் காத்திருக்கும். ராத்திரிப் பனி, ஐப்பசி மழை எல்லாம் அதன் மேல்தான். அறுத்துக் காயவைத்து 16 சதவீத ஈரப்பதத்தில் கொண்டுவந்த நெல் 20-ஐத் தாண்டும். கடைசியில் மீட்டரை வைத்துப் பார்த்து, ‘17-க்கு மேல் இருக்கு, காயவச்சுக் கொண்டாங்க’ என்பார்கள். ஈரப்பதப் பிரச்சினை என்று நாம் சொல்வதில் பாதி, லாரி வராத பிரச்சினை. 2025 அக்டோபரில் குறுவை நெல் களத்திலேயே முளைத்ததைப் படமெடுத்துப் போட்டவர்கள், கிடங்குக்கு நெல் போகாமல் எத்தனை நாள் நின்றது என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

இங்கே அமைச்சர்கள் தப்பித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. 17 சதவீத வரம்பு மத்திய அரசு வகுத்தது, அதைத் தளர்த்தும் அதிகாரம் எங்களிடம் இல்லை, கடிதம் எழுதியிருக்கிறோம் என்பார்கள். அது உண்மைதான். மத்திய அரசின் உணவு தானியத் தொகுப்புக்காகவே நெல் வாங்கப்படுகிறது. 2002 முதல் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அந்த வேலையைச் செய்கிறது. மத்தியக் குழு வந்து, மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் பார்த்து, ஆணை வருவதற்குள் அறுவடை முடிந்துவிடுகிறது என்பதும் உண்மை. ஆனால் சாக்கு, படுதா, லாரி, உலர்த்தும் இயந்திரம், கிடங்கு, நெல்லை அரிசியாக்கும் அரவை முகவருக்கு ஒதுக்கீடு, பட்டியல் எழுத்தர், சுமைப்பணித் தொழிலாளர் எல்லாம் மாநில அரசின் கழகத்தின் கையில் இருப்பவை. விலையிலும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய்; இதில் 2,389 மத்திய அரசின் ஆதரவு விலை, 156 மாநில அரசின் ஊக்கத்தொகை. பொறுப்பையும் இதுபோல் ரூபாய் கணக்காகப் பிரித்து, மாநிலத்தின் பங்கை மட்டும் கேள்வியாக்க வேண்டும். மத்திய அரசைக் குறை சொல்லி முடிக்கக்கூடிய கேள்வியைக் கேட்டால் அந்தப் பதில்தான் கிடைக்கும்.

கேள்வியை இப்படி எழுதிக் கொடுக்கலாம்:

“(அ) கடந்த குறுவைப் பருவத்தில் திருவாரூர் மாவட்டத்தில், கொள்முதல் செய்த நெல் 72 மணி நேரத்துக்கு மேல் கிடங்குக்கு இயக்கப்படாமல் இருந்த நிலையங்கள் எத்தனை, வட்ட வாரியாக எவை, (ஆ) இணையவழிப் பதிவுக்கும் எடை போட்டதற்கும் இடையே ஏழு நாளுக்கு மேல் ஆன விவசாயிகள் எத்தனை பேர், (இ) எடை போட்ட நாளிலிருந்து வங்கிக் கணக்கில் பணம் சேர அதிகபட்சமாக எத்தனை நாள் ஆனது, (ஈ) போக்குவரத்து ஒப்பந்ததாரர் ஒப்புக்கொண்ட லாரி எத்தனை, அன்றாடம் வந்தது எத்தனை, குறைவுக்கு விதித்த அபராதம் எவ்வளவு?”

இதில் ஒரு வார்த்தை கூட ‘ஆவன செய்யுமா’ என்று கெஞ்சவில்லை. பதிவு செய்த நாள், எடை போட்ட நாள், பணம் போன நாள் எல்லாம் கழகத்தின் கணினியில் இருக்கின்றன. ஆகவே ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்று சொல்லித் தள்ளிப்போட இடமில்லை. பதில் வந்ததும் துணைக்கேள்வி (ஈ)-யைப் பிடித்து வர வேண்டும்: அபராதம் பூஜ்யம் என்றால், லாரி குறையவே இல்லையா, அல்லது குறைந்தும் விதிக்கவில்லையா? இரண்டில் ஒன்றுக்கு அவர் பதில் சொல்லியே தீர வேண்டும்.

மூட்டைக்குப் பணம் வாங்குகிறார்கள், எடை கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்ற புகாரையும் உறுப்பினர்கள் பொதுவாகவே எழுப்புகிறார்கள். ‘புகார் வந்தால் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று பதில் வரும். சிலர் பணியிடை நீக்கம் ஆவார்கள். அடுத்த பருவம் அதேதான். காரணத்தைத் தோண்ட வேண்டும். 17 சதவீத ஈரத்தில் வாங்கிய 40 கிலோ நெல், கிடங்கில் 14 சதவீதத்துக்குக் காயும்போது 38 கிலோ 600 கிராம் ஆகும். யாரும் திருடவில்லை, தண்ணீர்தான் போயிற்று. இந்த எடைக் குறைவைத் தங்களிடம் பிடித்தம் செய்கிறார்கள் என்று கொள்முதல் பணியாளர் சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லி வருகின்றன. பிடித்தத்துக்குப் பயந்து அந்த 1 கிலோ 400 கிராமை முன்கூட்டியே விவசாயியின் தலையில் கட்டுகிறார்கள். எனவே கேட்க வேண்டியது இதுதான்: அனுமதிக்கப்பட்ட எடை இழப்பு எத்தனை சதவீதம், அது எந்த ஆண்டு நிர்ணயித்தது, இயக்கம் தாமதமான நாட்களுக்கு ஏற்ப அது மாறுமா, கடந்த மூன்று ஆண்டில் பணியாளர்களிடம் பிடித்த தொகை எவ்வளவு? லஞ்சம் வாங்குபவருக்கு இது சமாதானம் ஆகாது. ஆனால் விதியைத் திருத்தாமல் ஆளை மட்டும் மாற்றினால் புகாரும் மாறாமல் திரும்பி வரும்.

அடுத்து தூர்வாரும் பணி. ஒவ்வோர் ஆண்டும் இத்தனை கோடி ரூபாயில் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று அறிவிப்பு வரும். கிலோமீட்டர் என்பது நீளம். வண்டல் நீளத்தில் மட்டும் இல்லை. மூன்று மீட்டர் அகல வாய்க்காலில் ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் ஆழம் வெட்டினால் 1,500 கனமீட்டர் மண் வெளியே வரும். அரையடி, அதாவது 15 சென்டிமீட்டர் சுரண்டினால் 450 கனமீட்டர்தான். இரண்டும் அறிக்கையில் ‘ஒரு கிலோமீட்டர்’ தான். காட்டாமணியையும் ஆகாயத்தாமரையையும் வழித்துக் கரையில் போட்டாலும் அதே ஒரு கிலோமீட்டர்தான். முதல் மழையில் அது திரும்ப உள்ளே வரும். மிதமிஞ்சி வெட்டினாலும் கேடு உண்டு. ஆற்றின் தரை, வாய்க்கால் பிரியும் தலைப்பு மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டால் பிரிவு வாய்க்காலில் தண்ணீர் ஏறாது. பிறகு மணல் மூட்டை போட்டு மறிக்க வேண்டிவரும். தூர்வாருதலின் கணக்கு மட்டக் கணக்கு. வெட்டுவதற்கு முன் எடுத்த மட்டம், வெட்டிய பின் எடுத்த மட்டம், இரண்டும் வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

இதில் நாட்கணக்கும் முக்கியம். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை திறக்கிறார்கள். வேலையை மே கடைசியில் தொடங்கினால், பின் மட்டம் எடுக்கும் முன் தண்ணீர் வந்துவிடும். தண்ணீருக்கு அடியில் எவ்வளவு வெட்டினார்கள் என்று யார் அளப்பது? அதனால் பேரவையில் கேட்க வேண்டியது வேலைவாரியான கனமீட்டர், ஒப்பந்தம் கையெழுத்தான நாள், வேலை தொடங்கிய நாள், பின் மட்டம் எடுத்த நாள், அந்த வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாள், பில் பாஸான நாள். தண்ணீர் விட்ட நாளுக்குப் பிறகு மட்டம் எடுத்ததாக ஒரு வேலை இருந்தாலும் போதும், அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம். ஒன்றை மறக்கக் கூடாது: ஆறும் பெரிய வாய்க்காலும் நீர்வளத்துறை வசம், சி, டி பிரிவு எனப்படும் சிறு வாய்க்கால்களைத் தூர்வாருவது வேளாண் பொறியியல் துறை. தவறான துறைக்குக் கேள்வி போட்டால் ‘இத்துறையைச் சார்ந்தது அல்ல’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். கடைமடைக்காரர் இன்னொரு பருவம் காத்திருக்க வேண்டும்.

சுகாதாரத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலிப் பணியிடம் எத்தனை என்று மட்டும் கேட்டால் குறைவான எண்தான் வரும். மாற்றுப் பணியில் வேறு ஊருக்கு அனுப்பப்பட்ட மருத்துவரும் செவிலியரும் ஏட்டில் இங்கேதான் இருப்பார்கள், சம்பளமும் இங்கேதான். ‘ஒப்பளிக்கப்பட்ட இடம், நிரப்பிய இடம், அதில் மாற்றுப் பணியில் சென்றவர்’ என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால்தான் வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கத்து நிலையங்களின் நிலை வெளிச்சத்துக்கு வரும்.

பதில் வாங்குவதோடு பாதி வேலைதான் முடிகிறது. மீதி, சொன்ன சொல்லைத் துரத்துவது. அதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மக்களவையில் இப்படி ஒரு குழு 1953 முதல் இயங்குகிறது. அங்கே ஓர் உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது நடைமுறை. நம் பேரவைக் குழுவும் மாவட்டம் மாவட்டமாக வந்து ஆய்வு செய்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம், இரண்டு மூன்று இடத்தில் பார்வை, பிறகு பேட்டி. குழு வரும் முன், தன் தொகுதி குறித்து அமைச்சர்கள் அவையில் சொன்ன ஒவ்வொரு ‘செய்யப்படும்’ என்பதையும் தேதி போட்டு உறுப்பினர் எழுதிக் கொடுக்க வேண்டும். கோப்பில் ‘நிறைவேற்றப்பட்டது’ என்று மூடிய உறுதிமொழியை நேரில் போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டும். கட்டடம் கட்டி, மின் இணைப்பு இல்லாமல் பூட்டிக் கிடப்பதும் ஏட்டில் நிறைவேற்றம்தான்.

பேரவை விதி 110-இன் கீழ் அமைச்சர்கள் படிக்கும் அறிவிப்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். அந்த அறிக்கையின் மீது அப்போது விவாதம் கிடையாது. மேசை தட்டும் ஓசையோடு அது முடிந்துவிடும். அடுத்த கூட்டத்தொடரில் நான்கு விவரம் கேட்டால் போதும்: அரசாணை எண்ணும் நாளும், விடுவித்த நிதி, செலவான நிதி, வேலை நிற்கும் கட்டம். அரசாணையே வரவில்லை என்றால் அந்த அறிவிப்பு இன்னும் காகிதத்துக்குக் கூட வரவில்லை என்று பொருள்.

துறைகளின் செலவுக்குப் பேரவையின் அனுமதி கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தின் மீது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. உணவுத்துறைக்கு 13-ஆம் எண், நீர்வளத்துறைக்கு 40-ஆம் எண் கோரிக்கை. பேரவை அனுமதித்தால்தான் அந்தப் பணத்தைத் தொட முடியும். கையில் இவ்வளவு பெரிய பிடி இருந்தும், பேசக் கிடைக்கும் சில நிமிடங்களில் பெரும்பகுதி தலைவர்களைப் போற்றுவதிலேயே போகிறது. மீதி நேரத்தில் மறுபடி கோரிக்கைப் பட்டியல். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை முந்தைய ஆண்டுக் குறிப்போடு பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ‘பணிகள் நடைபெற்று வருகின்றன’ என்ற அதே வரி, அதே கதவணையைப் பற்றி, ஆண்டு மட்டும் மாறி இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அந்த வரியை வைத்து வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். நூறு ரூபாய் குறைக்கக் கோரும் தீர்மானம் நிறைவேறாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குறை இன்னதென்று எழுத்தில் பதிவாகும். அமைச்சர் தன் பதிலுரையில் அதைத் தொட வேண்டியிருக்கும்.

வாணிபக் கழகம் ஒரு கம்பெனி என்பதால் அதன் ஆண்டறிக்கையும் தணிக்கைக் குறிப்பும் பேரவைக்கு வர வேண்டும். காலம் தாழ்ந்தால் கேட்க, பேரவையில் வைக்கப்படும் ஏடுகளைப் பார்க்கும் ஏடுகள் குழு இருக்கிறது. உள்ளே இருப்பதைத் துருவப் பொது நிறுவனங்கள் குழு இருக்கிறது. துறைகளின் செலவைப் பற்றிய தணிக்கை அறிக்கை பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். அறிக்கை பெரும்பாலும் கூட்டத்தொடர் முடியும் நேரத்தில்தான் வைக்கப்படுகிறது. அதன் மேல் அப்போது யாரும் பேசுவதில்லை. அதனாலேயே குழுவில் அமர்ந்திருக்கும் டெல்டா உறுப்பினர், பாசனமும் கொள்முதலும் பற்றிய பத்திகளைத் தானே தேர்ந்தெடுத்து முதலில் எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஊராட்சியின் பெயரைச் சொல்லியும் பொறுப்பு நழுவுவது உண்டு. குடிநீர், தெருவிளக்கு, சிறு வாய்க்கால், எல்லாம் உள்ளாட்சியைச் சேர்ந்தவை என்பார்கள். நம் மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிற்று. தனி அலுவலர் மாநில அரசின் ஊழியர். அவர் செய்வதற்கும் செய்யாததற்கும் ஊரக வளர்ச்சித்துறை அமைச்சர் நேரடியாகப் பேரவையில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்துக்கு, எந்தெந்த ஊராட்சியின் கணக்கு எந்த மாதம் வரை தணிக்கையாகி இருக்கிறது என்று வட்டார வாரியாக ஒரு கேள்வி இன்றைக்கே போடலாம்.

வாக்காளர்கள் உறுப்பினரைச் சந்திக்கும்போது மாலையோடு ஒரு காகிதமும் கொண்டு போக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்; ஒரு நிலையத்தின் இயக்கப் பதிவேடு, ஒரு வாய்க்காலின் அளவுப் புத்தக நகல் போன்றவற்றைக் கேட்டு வாங்கி அவரிடம் கொடுத்தால் அவருடைய கேள்வி தானாகவே கூர்மைப்படும். நீண்ட நாள் தீராத பொதுப் பிரச்சினை என்றால் பேரவையின் மனுக்கள் குழுவுக்கு நேரடியாகவே எழுதலாம். தமிழில், ஐந்து பிரதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டு, ‘தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை - 600 009’ என்று முகவரியிட வேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரே துறை. வடிகால் மதகையும் பள்ளிச் சுற்றுச்சுவரையும் ஒரே மனுவில் சேர்த்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தனிநபர் குறை, பட்டா, முதியோர் உதவித்தொகை, வேலை கேட்பது, வங்கிக் கடன், நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் ஆகியவையும் அந்தக் குழுவுக்குப் போகாது. பெரும்பாலான மனுக்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகின்றன.

கடைசியாகத் தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். 2022 ஜனவரி முதல் கேள்வி நேரம் நேரலையாக வருகிறது. பேரவை கூடும் நாட்களில் டெல்டா பதிப்பில் ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள். அன்று 18 தொகுதிகளில் யார் என்ன கேட்டார், அமைச்சர் சொன்ன பதில் என்ன, அதில் தேதியும் தொகையும் இருந்தனவா என்பதை மட்டும் போடுங்கள். ‘பரிசீலிக்கப்படும்’ என்று வந்த பதில்களைத் தனியே குறித்து வைத்து, ஆறு மாதம் கழித்து அதே கட்டத்தில் திரும்ப வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வெண்ணாற்றுப் பாசன விவசாயிகள் சிலர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.